மஞ்சக்குட்டை வீட்டில் இரண்டு ஒன்றாம் நம்பர்

1. காலையில் வந்த போன்

கடை ஷட்டரைத் தூக்கி ஊதுபத்தி கொளுத்துவதற்குள் போன் அடித்துவிட்டது. சேலத்தில் நான் வேலை பார்த்த சின்ன கம்ப்யூட்டர் கடை அது. தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். முதலாளி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை வந்தால் நான் எங்கேயோ கிளம்ப வேண்டும் என்று அர்த்தம்.

"ஏம்மா, அந்த மஞ்சக்குட்டை பார்ட்டி. ரெண்டு பொட்டியும் படுத்துருச்சாம். நீதான போட்டுட்டு வந்த?"

"நல்லாத்தான் ஓடுச்சுங்க சார். ரெண்டையும் ஓட்டிக் காட்டிட்டுத்தான் கீழ எறங்குனேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் புள்ள போன்ல அழுவுது. கம்ப்யூட்டருக்குப் போயி யாராவது இப்பிடி அழுவாங்களா? நீயே போயி என்னன்னு பாரு."

எனக்குத் தெரியும், அந்தப் பெண் கவிதா கம்ப்யூட்டருக்காக அழவில்லை. தை மாசம் அவளுக்குக் கல்யாணம். அவளுடைய அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசுவதில்லை. அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முதல் அழைப்பு பங்காளிகளில் மூத்தவருக்குத்தான். தாம்பூலத் தட்டோடு நேரில் போய், வாய் திறந்து கூப்பிட வேண்டும். அது முடியாமல் அடுத்த வீட்டுப் படி ஏறக் கூடாது. மார்கழி பிறந்துவிட்டால் யாரையும் அழைப்பதில்லை. கார்த்திகையோ கடைசிக்கு வந்துவிட்டது.

ஸ்க்ரூ டிரைவர், கேபிள் முனையில் பின் அடிக்கும் கிரிம்பிங் டூல், இரண்டு சிடி, ஒரு ஸ்வெட்டர். பையைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறினேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது கதையாகத் தெரியும். உங்கள் போன் வீட்டுக்குள் நுழைந்ததும் தானாகவே ஒரு நெட்வொர்க் முகவரி, அதாவது ஒரு நம்பர், வாங்கிக்கொள்கிறது, உங்களுக்குத் தெரிவதுகூட இல்லை. அப்போது அதற்கென்று ஒருத்தி மலையேறிப் போக வேண்டியிருந்தது. கண்ட்ரோல் பேனல், அதில் நெட்வொர்க், அதில் டிசிபி ஐபி, அதில் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே இரண்டு வட்டங்கள் இருக்கும். ஒன்றில் புள்ளி வைத்தால் பெட்டி தானாகவே முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளும். இன்னொன்றில் வைத்தால் நாமே நம்பரை அடித்துக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வட்டங்களை நம்பித்தான் என் சாப்பாடு நடந்தது.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப எனக்குக் கண் சொருகும். அடிவாரத்து வெயில் முதுகில் இருக்கும்போதே முகத்தில் குளிர் படும். ஜன்னலுக்கு வெளியே மரம் வந்து மரம் மறையும். அரைத்தூக்கத்தில் நம்பர்கள் எல்லாம் வரிசையாக மலையேறிப் போவதாகக் கனவு வரும். எந்த வேலைக்குப் போகிறேன் என்பதே மேலே போய் இறங்கும்போதுதான் ஞாபகம் வரும்.

2. நடுவில் ஆணி அடித்த வீடு

முதல் தடவை போனது தீபாவளி முடிந்த கையோடு. ஜீப்பை விட்டு இறங்கினால் பாதையே இல்லை. அத்தனை பனிமூட்டம். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு காபிச் செடிகளுக்கு நடுவே நடந்தாள். திடீரென்று நின்று, "யாருங்க அங்க?" என்று குரல் கொடுத்தாள்.

எங்கிருந்தோ ஒரு ஆண் குரல், "நாந்தானுங்க, களத்துக்குப் பழம் எடுத்துட்டுப் போறேன்" என்றது. ஆளைக் கடைசி வரைக்கும் நான் பார்க்கவில்லை.

"மூட்டத்துல நடந்தா குரல் குடுக்கோணுங்க்கா. காட்டெருமை நின்னாலும் நிக்கும். மனுசன்னா பதில் சொல்லோணும். பேச்சுவார்த்தை இல்லாதவங்ககூட மூட்டத்துல கூப்புட்டா பதில் சொல்லிருவாங்க. சொல்லாம போனா நொம்பத் தப்பு."

எனக்கு அந்த வழக்கம் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் கொஞ்ச தூரம் நானும் சும்மாவே கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன். கவிதா சிரித்தாள்.

வீடு நீளமான ஓட்டு வீடு. கவிதாவின் தாத்தா காலமானதும் நடுவில் பிரித்துவிட்டார்கள். மேற்குப் பாதி பெரியவர் பழனிவேலுக்கு. மனைவி இல்லை, பிள்ளையும் இல்லை. கவிதாவைத் தோளில் போட்டு வளர்த்தவர். கிழக்குப் பாதி சின்னவர் சுந்தரத்துக்கு, அதாவது கவிதாவின் அப்பாவுக்கு. இரண்டு பாதிக்கும் நடுவே இருந்த கதவில் ஆணி அடித்திருந்தது. சண்டை எதற்கு என்றால், எல்லையில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடிக்கு. கொடி இந்தப் பக்கம் முளைத்து அந்தப் பக்கம் காய்த்தது. அவ்வளவுதான் குற்றம்.

ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். பெரியவருக்குக் காபி விலை பார்க்க வேண்டும். சின்னவர் டூரிஸ்ட்டுகளுக்கு ரூம் விட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு மெயில் பார்க்க வேண்டும். ஆனால் போன் லைன் ஒன்றே ஒன்று, அதுவும் பெரியவர் பாதியில். இன்னொரு லைனுக்கு எழுதிப் போட்டால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போன் லைனில் இன்டர்நெட் எடுத்துத் தரும் ஒரு மோடத்தை இரண்டு பெட்டியும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று கவிதாதான் யோசனை சொன்னாள். அப்பாவிடம் தனியாகவும் பெரியப்பாவிடம் தனியாகவும் பேசி இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்தாள். அவள் மட்டும்தான் இரண்டு வாசலிலும் ஏறி இறங்குகிறவள்.

ஆணி அடித்த கதவின் அடியில் ஓட்டை போட்டு கேபிளை விட்டேன். மோடம் பெரியவர் பெட்டியில் இருந்ததால் அதற்கு முகவரியின் கடைசியில் ஒன்று. சின்னவர் பெட்டியைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி புள்ளி வைத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் இந்தப் பெட்டி கேட்டது, அந்தப் பெட்டி கொடுத்தது. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் சந்தோஷம்தான்.

"பாருங்க சார், உங்க பொட்டிக்கு ரெண்டாம் நம்பர் வந்துருச்சு" என்றேன்.

சின்னவர் நான் எந்தெந்த ஜன்னலைத் திறந்து மூடினேன் என்பதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்கிற ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

3. நானும் ஒண்ணுதானுங்க

இந்தத் தடவை கவிதா ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தாள். கூடவே அவள் அம்மா, டெய்லரிடம் அளவு கொடுக்க வந்திருந்தார்கள்.

"அக்கா, நீங்க மொதல்ல போங்க. நாங்க அளவு குடுத்துட்டு வந்தர்றோம். எங்கப்பா விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு கம்ப்யூட்டர ஆன் பண்றாருங்க்கா. பெரியப்பா அதுக்கும் முன்னால எந்திரிக்கறாரு. ரெண்டு பேருக்கும் தூக்கமே இல்ல. வயரு போட்டா பேச்சு வந்துருமுன்னு நெனச்சேன். இப்ப இதுவும் ஒரு சண்டையாயிருச்சு." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. "பெரியப்பா இல்லாம நான் மணையில உக்கார மாட்டேனுங்க்கா. எங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

ஜீப்பில் போகும்போது ஓரளவு ஊகித்துவிட்டேன். சின்னவர் பெட்டியைத் திறந்து பார்த்ததும் உறுதியாயிற்று. தானாக வாங்கிக்கொள்ளும் வட்டத்தில் நான் வைத்த புள்ளியை எடுத்துவிட்டு, தன் கையாலேயே நம்பர் அடித்திருந்தார். பெரியவர் பெட்டிக்கு இருந்த அதே முகவரி. கடைசியில் ஒன்று.

ஒரே முகவரியில் இரண்டு பெட்டி இருக்க முடியாது. எது முதலில் எழுகிறதோ அதற்குத்தான் நம்பர். பிந்தி எழுவது, 'இந்த நம்பரில் வேறொருவர் இருக்கிறார்' என்று எர்ரர் காட்டி முடங்கிவிடும். அதற்குத்தான் அண்ணனும் தம்பியும் கோழி கூவும் முன்னால் எழுந்து ஸ்விட்ச் போட்டிருக்கிறார்கள். நம்பர் கிடைத்து என்ன பிரயோஜனம்? சின்னவர் பெட்டிக்கு வெளியே போக வழியில்லை, மோடம் அந்தப் பக்கம். பெரியவரோ எர்ரரைப் பார்த்த கோபத்தில் பெட்டியை ஆஃப் பண்ணிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஏனுங்க சார், நம்பர நீங்களா மாத்துனீங்க?" என்றேன்.

"நாந்தானுங்க."

"எதுக்குங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பொறந்ததுல இருந்தே நான் ரெண்டாவதுங்க அம்மிணி. துணி எடுத்தா அவருக்கு மொதல்ல. பள்ளிக்கொடம் அவருக்கு மொதல்ல. பாகம் பிரிச்சப்பவும் அவரு எடுத்துட்டு மிச்சந்தான் எனக்கு. பொட்டியிலயுமா? நானும் ஒண்ணுதானுங்க."

சிரிப்பு போய்விட்டது. நானும் வீட்டில் இரண்டாவது பெண்தான்.

"இது அப்பிடி நம்பர் இல்லீங்க சார். பஸ்ஸுல சீட் நம்பர் மாதிரி. வேணும்னா அம்பதுன்னு போட்டுத் தர்றேன். யாரையும் கேக்க வேண்டாம்."

"அவரு ஒண்ணு, நான் அம்பதா? நல்லாச் சொன்னீங்க போங்க."

அவரைச் சமாதானப்படுத்துவதைவிட மோடத்தைச் சமாதானப்படுத்துவது சுலபம். நான் பாட்டுக்குப் புள்ளியைப் பழைய வட்டத்திலேயே வைத்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். பெட்டி எழுந்து, நெடுநேரம் யோசித்து, கடைசியில் நூற்று அறுபத்தொன்பதில் தொடங்கும் ஒரு நம்பரைக் காட்டியது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். "இதென்னுங்க புதுசா ஒரு நம்பரு?"

"உங்க பொட்டி வயருல குரல் குடுத்துச்சுங்க. 'யாராச்சும் இருக்கீங்களா, எனக்கு ஒரு நம்பரு வேணும்'னு. அந்தப் பக்கம் பொட்டி ஆன்ல இருந்தா, 'இந்தா, இது சும்மாத்தான் கெடக்கு, வேணுமா?'ன்னு கேக்கும். 'வேணும்'னு இது சொல்லும். 'சரி, வெச்சுக்க'ன்னு அது சொல்லும். அவ்ளோதான். இப்ப அந்தப் பொட்டி ஆஃப்ல இருக்கு. பதிலே வரல. அதனால இது தானாவே ஒரு நம்பர வெச்சுக்கிச்சு."

"அப்ப இத வெச்சுக்கிட்டு வெளிய, மெயிலுக்குப் போக முடியாதுங்களா?"

"எங்கயும் போக முடியாதுங்க. சும்மா உக்காந்திருக்கலாம்."

அவர் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூட்டத்துல கூப்புடற மாதிரின்னு சொல்லுங்க" என்றார் மெதுவாக.

"அதேதானுங்க."

"கூப்புட்டும் பதில் வரலையாக்கும்."

"ஆள் இருந்தாத்தானுங்க வரும். நான் போயி பெரியவரக் கூட்டிட்டு வந்து அந்தப் பொட்டிய ஆன் பண்ணச் சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினார். வெளியே பார்த்துவிட்டு, "மூட்டம் எறங்குதுங்க, பார்த்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

4. வெள்ளைக்குள்ளே

பெரியவர் வாசலில் ஆள் இல்லை. தோட்டத்துப் பக்கம் நாலடி எடுத்து வைத்தேன். அதற்குள் மூட்டம் மொத்தமாக இறங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் வீடு இல்லை. காபிப் பழத்தின் புளித்த வாசனையும், இலையிலிருந்து சொட்டும் நீரும் மட்டும் இருந்தன. என் கையை நீட்டினால் விரல் நுனி வெளுத்துத் தெரிந்தது. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பஸ்ஸில் கண்ட கனவின் மிச்சத்துக்குள் நடப்பது போல இருந்தது. அப்படியே கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன். அப்புறம்தான் காட்டெருமை ஞாபகம் வந்தது.

"யாருங்க அங்க?" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"நாந்தான் பழனிவேலு. யாருங்க அது, பொம்பளக் குரலு?" ரொம்பப் பக்கத்தில்தான். இருமலும் கேட்டது.

"கம்ப்யூட்டர் கடையிலருந்துங்க. வழி தெரியல."

"அப்பிடியே நில்லுங்க சாமி. அசையாதீங்க. பள்ளம் இருக்குது."

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குல்லாவும் கம்பளியும் வந்தன. பெரியவர் என் பையின் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். அதே நேரம் வீட்டுப் பக்கமிருந்து இன்னொரு குரல் கேட்டது.

"யாருங்க அங்க? அம்மிணீ! யாருங்க அங்க?"

சின்னவர்தான். நான் திரும்பி வராததால் தேடிக்கொண்டு இறங்கியிருக்கிறார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பெரியவரின் பிடி இறுகியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுபடியும், "யாருங்க அங்க?"

மூட்டத்தில் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் போகக் கூடாது. அவரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்தானே.

"நாந்தான்டா சுந்தரா" என்றார் பெரியவர். "அந்த அம்மிணி எங்கூடத்தான் நிக்குது. நீ பள்ளத்துப் பக்கம் வராத."

இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. முகம் தெரியாதது எவ்வளவு நல்லது என்று எனக்குத் தோன்றியது. தெரிந்திருந்தால் இரண்டு பேரும் திரும்பிக்கொண்டு போயிருப்பார்கள்.

"அண்ணா."

"சொல்லு."

"கவிதாவுக்குக் கல்யாணமுங்க."

"தெரியும்."

"நீங்க வந்து முன்ன நின்னு நடத்தோணுங்க."

பெரியவர் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பனித் தண்ணீர்தான் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும்போல. அப்புறம், பழைய அதிகாரத்தை வரவழைத்துக்கொண்டு, "காட்டுக்குள்ள நின்னு கூப்புட்டா ஆச்சா? ஊட்டுக்குத் தட்டோட வந்து கூப்புடு" என்றார்.

"வர்றேனுங்க" என்றது வெள்ளை.

5. ஒயர் நசுங்குது

பெரியவர் பெட்டியை ஆன் பண்ணினேன். ஒன்றாம் நம்பர் எந்த எர்ரரும் இல்லாமல் எழுந்தது. இந்தப் பக்கம் வந்து சின்னவர் பெட்டியில் புதிதாக நம்பர் கேட்க வைக்கும் 'ரென்யூ' பட்டனை அழுத்தினேன். கேட்டது, கொடுத்தது. இரண்டாம் நம்பர் வந்தது.

சின்னவர் வேட்டியை மாற்றிக்கொண்டு, வெற்றிலையும் பழமும் தேங்காயும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "சார், நம்பர நான் கையால அடிச்சுப் போட்டுரட்டுங்களா? இருபது, முப்பது, எது வேணுமோ சொல்லுங்க" என்று கேட்டேன். திரும்ப மலையேறி வர எனக்குத் தெம்பில்லை.

"வேண்டாமுங்க அம்மிணி. கேட்டு வாங்கற மாதிரியே இருக்கட்டும்" என்றார்.

அவர் தன் வாசலில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், பெரியவர் வாசலில் ஏறினார். நான் பின்னாலேயே போனேன். "கல்யாணத்துக்கு வந்துருங்கண்ணா" என்று தட்டைக் கொடுத்தார், பெரியவர் வாங்கினார். அதற்குமேல் பேசத் தெரியாமல் இரண்டு பேரும் மோடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது கீச்சென்று கத்திவிட்டு லைன் எடுத்தது.

அப்போதுதான் கவிதாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். வாசலில் அப்பாவின் செருப்பைப் பார்த்து கவிதா அப்படியே நின்றுவிட்டாள். பெரியப்பா கையில் தட்டு. பெரியவர் அவளைப் பார்த்து, "என்ன கண்ணு, அளவு குடுத்தாச்சா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். ஆணி அடித்த கதவுப் பக்கம் போனார். குனிந்து, நான் விட்டிருந்த கேபிளைத் தொட்டுப் பார்த்தார். கேபிள் நன்றாகத்தான் இருந்தது. ஓட்டை தாராளமாகப் போட்டவள் நான்.

"சுந்தரா, அந்தக் கடப்பாரைய எடுத்துட்டு வா."

"எதுக்குங்கண்ணா?"

"ஆணியப் புடுங்கோணும். கதவு மூடியிருந்தா ஒயர் நசுங்குதாம். மறுபடியும் பொட்டி படுத்துக்குமாம்." என் பக்கம் கையைக் காட்டினார். "அம்மிணிதான் சொல்றாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அந்தக் கேபிள் கதவுக்குக் கீழே பத்து வருஷம்கூடக் கிடக்கும்.

"ஆமாங்க" என்றேன். "நொம்ப நசுங்குதுங்க. கதவு தொறந்தேதான் இருக்கோணும்."

அந்த வேலையில் எத்தனையோ கற்றுக்கொண்டேன், பாதி மறந்தும்விட்டது. மஞ்சக்குட்டையில் கற்றது மறக்கவில்லை. கஸ்டமர் சொல்வதில் டெக்னிக்கலாகத் தப்பு இருந்தால் திருத்துவதுதான் நம் வேலை. ஆனால் திருத்துவதற்கு முன்னால், கதவுப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்கால பஸ்ஸுக்காக நான் கிளம்பும்போது கடைசி ஆணி வந்துகொண்டிருந்தது. பாதை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அப்புறம் மூட்டம்.